பத்துக்கு ஒரு ஆள் குறைச்சல்

நம் எட்டாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ ஒரு போட்டோ போட்டிருந்தீர்கள். குண்டு அதிர்வில் சிதறாமல் இருக்க ஜன்னல் கண்ணாடியில் பெருக்கல் குறியாக ஒட்டிய பழுப்பு டேப். அதன் கீழே ஆளுக்கு ஒன்று எழுதித் தள்ளினீர்கள். இராக் போர் வந்த வருஷம் பள்ளிக்கூடம் மூடிய சந்தோஷம், குளியலறைக்குள் அடுக்கி வைத்த தண்ணீர் பாட்டில்கள், விஷவாயு வந்தால் ஈரத்துணியை எங்கே சொருக வேண்டும் என்று அசெம்பிளியில் நமக்குச் செய்துகாட்டிய பி.டி. சார். உங்களில் ஒருத்தி என்னைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தாள்: "உங்கப்பா கடைல அப்ப ஏதோ பிரச்சினைன்னு பேசிக்கிட்டாங்களே, என்ன அது?"

நான் பதில் போடவில்லை. நீல டிக் விழுந்ததைப் பார்த்து நான் தவிர்க்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள். தவிர்க்கத்தான் செய்தேன். ஆனால் நமக்கெல்லாம் காதோரம் நரைத்துவிட்டது. அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் சொன்னால் அவருக்கு வருத்தம் இருக்காது. எனக்குக் கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை.

பஹ்ரைனில், குதைபியாவில் நாங்கள் இருந்த கட்டடத்துக்கு நீங்கள் பாதிப் பேர் வந்திருக்கிறீர்கள். கீழே கோல்டு ஸ்டோர் என்கிற மளிகைக்கடை, அதன் வாசலில் எப்போதும் அழுகிய தக்காளிப் பெட்டி. மூன்றாவது மாடியில் நாங்கள். எங்களுக்கு மேலே ஓர் அமெரிக்கத் தம்பதி. இருவரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஆசிரியர்கள். அந்த அம்மாளை நான் மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். புதன்கிழமை சாயங்காலம் எனக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார். பதிலுக்கு எங்கள் அம்மா ஒரு தூக்குவாளி நிறைய தோசை மாவு கொடுத்தனுப்புவாள்.

அப்பா மனாமா சூக்கில், அந்தப் பழைய கடைத்தெருவில், ஒரு கடையில் சேல்ஸ்மேன். படுக்கை விரிப்பு, துண்டு, மேஜை விரிப்பு. உள்ளே நுழைந்தாலே புதுத்துணிக் கஞ்சி வாசம் மூக்கில் ஏறும். முதலாளியை வளைகுடா வழக்கப்படி அப்பா 'அர்பாப்' என்பார். பஹ்ரைன்காரர், யூதர். அவர் சிறுவனாக இருந்தபோது குடும்பம் பாக்தாத்திலிருந்து கிளம்பி இங்கே வந்தது. மூத்த அக்கா மட்டும் அங்கேயே கல்யாணமாகித் தங்கிவிட்டார். பிள்ளை இல்லை, கணவரும் போய்விட்டார். அர்பாப்பைத் தூக்கி வளர்த்தது அந்த அக்காதானாம். எழுபதைத் தாண்டிய அந்த அக்காவுக்கு வியாழக்கிழமை தோறும் கடையிலிருந்து போன் போடுவார். அக்காவின் குரல் ஸ்பீக்கரில் கேட்கும். எனக்கு அரபி புரியாது, ஆனால் திட்டுகிறார் என்பது எந்த மொழியிலும் புரியும். அர்பாப் சிரித்துக்கொண்டே அப்பாவுக்குக் கடை இந்தியில் மொழிபெயர்ப்பார்.

ஒரு தடவை இப்படிச் சொன்னார்: "ஜன்னலுக்கு டேப் ஒட்டினியான்னு கேட்டேன். ஜன்னல் ஒழுங்கா இருந்தாத்தானேங்கிறா."

கடைக்கு மேலே ஒரு கூடம் இருந்தது. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் ஊரில் மிச்சமிருந்த யூதர்கள் அங்கே பிரார்த்தனைக்குக் கூடுவார்கள். இருட்டியபின் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அவர்கள் விளக்கையோ ஏசியையோ தொடமாட்டார்கள் என்பதால் அப்பா முன்கூட்டியே எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கீழே காத்திருப்பார். எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெள்ளிக்கிழமை அவளுக்கு ட்யூட்டி. அதனால் நானும் கடையில்தான் இருப்பேன். மாடிப்படியில் உட்கார்ந்து துண்டு மடிப்பேன். கதவு திறந்தே இருக்கும்.

பத்து ஆண்கள் சேர்ந்தால்தான் அவர்கள் சில பிரார்த்தனைகளைச் சொல்ல முடியும். முக்கியமாக, செத்தவர்களுக்காகச் சொல்லும் கத்தீஷ். ஊர்க்காரர்கள் அர்பாப்பையும் சேர்த்து ஐந்து பேர். ஜுஃபைரில் அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் ஒரு இளம் இன்ஜினியரும் அவருடைய மூன்று நண்பர்களும் நான்கு. மிஸ்ஸின் கணவரும் யூதர்தான், அவர் ஒருவர். சரியாகப் பத்து. ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் போச்சு. மிஸ்ஸும் வருவார், பின்வரிசையில் உட்காருவார். அவருடைய ஊர்ச் சபையில் ஆணும் பெண்ணும் ஒரே கணக்காம். "இங்கே நான் நாற்காலிக் கணக்கில்கூட இல்லை" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். இன்ஜினியர் பழைய கட்டுப்பாட்டை விடாத பிரிவைச் சேர்ந்தவர். எப்போதும் தலையில் சின்ன வட்டத் தொப்பி, வெயிலில் சிவந்த கழுத்து. என்னைப் பார்த்தால் சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்துவிட்டு, வேறெதுவும் பேசத் தெரியாமல் படியேறிவிடுவார்.

போர் வருமா வராதா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, வெளிச்சம் இருக்கும்போதே எல்லோரும் வந்துவிட்டார்கள். பிரார்த்தனை தொடங்குவதற்கு முன் இன்ஜினியர் எழுந்தார். கையில் ஒரு காகிதம்.

"படைவீரர்களுக்காக ஒரு பிரார்த்தனை எங்க சபையிலேருந்து அனுப்பியிருக்காங்க," என்றார். "இன்னிலேருந்து இதையும் சேர்த்துச் சொல்லணும்."

மிஸ்ஸின் கணவர் அதை வாங்கி வாசித்தார். முகம் மாறியது. "இதுல படைக்கு வெற்றி வேணும்னு இருக்கே."

"தோக்கணும்னா வேண்டிக்குவாங்க?"

"எங்க சபையும் எழுதியிருக்கு. எல்லா வழியும் அடைபட்ட பிறகுதான் போர். இன்னும் அடைபடல. குண்டு விழப்போற வீட்டுல குழந்தைங்க இருக்கு. அதுக்கு நான் ஆமென் சொல்ல மாட்டேன்."

"பாக்தாத்ல உட்கார்ந்து ஆளுற அந்த ஆள் போன போர்ல விட்ட ராக்கெட் என் சித்தி வீட்டு மேல விழுந்துச்சு." இன்ஜினியர் காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "தீமையைத் தடுக்கிறது கடமைன்னு எங்க பெரியவங்க உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்காங்க. என் தம்பி குவைத் பாலைவனத்துல கூடாரத்துல படுத்திருக்கான். பத்தொன்பது வயசு."

பின்வரிசையிலிருந்து மிஸ் சொன்னார்: "தம்பி பேரைச் சொல்லி வேண்டிக்குங்க. நானும் சேர்ந்து சொல்றேன்."

"அவன் தனியாப் போகலையே," என்றார் இன்ஜினியர்.

நான் துண்டை மடிக்காமல் வைத்திருந்தேன். போர் என்றால் யூதர்கள் எல்லோரும் ஒரே பக்கம் என்றுதான் நம் தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இங்கே பத்துப் பேருக்குள் இரண்டு காகிதம். இன்ஜினியரின் அப்பா இரண்டுக்கும் சேராத இன்னும் கடுமையான ஒரு கூட்டமாம். நாடு, படை, போர் எதுவுமே நமக்கு வேண்டாம், வேதத்தைப் படித்தால் போதும் என்பவர்களாம். அவரோடும் போனில் இவருக்குச் சண்டை என்று மிஸ் பின்னால் சொன்னார்.

இரண்டு பேரும் அர்பாப்பைப் பார்த்தார்கள். இடம் அவருடையது, வயதிலும் மூத்தவர். அவர் மேஜை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க ரெண்டு பேரும் அமெரிக்காவிலேருந்து எனக்குக் காகிதம் கொண்டு வந்திருக்கீங்க," என்றார் கடைசியில். "என் அக்கா பாக்தாத்ல இருக்கா."

இன்ஜினியர் காகிதத்தை விரித்து வாசிக்க ஆரம்பித்தார். மிஸ்ஸின் கணவர் புத்தகத்தை மூடி முத்தமிட்டு வைத்துவிட்டு, என்னைத் தாண்டிப் படியிறங்கினார். மிஸ் அவர் பின்னால் போனார். மேலே ஒன்பது பேர்.

அன்றைக்குக் கடை பூட்டும்போது அர்பாப் அப்பாவிடம் சொன்னது நினைவிருக்கிறது. "பாக்தாத்ல ஆளுற அவன் ஒழியணும்னு முப்பது வருஷமா வேண்டிக்கிட்டேன். இப்போ ஒழியப்போறான். வேண்டிக்கப் பயமா இருக்கு."

அதற்குப் பிறகு மிஸ்ஸும் கணவரும் வெள்ளிக்கிழமைகளில் தங்கள் வீட்டிலேயே பிரார்த்தனை செய்தார்கள். எங்கள் வீட்டுக் கூரை வழியாக மிஸ் பாடுவது கேட்கும். நல்ல குரல். எங்கள் அம்மா அதைக் கேட்டால் டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

அம்மாவைக் குற்றம் சொல்ல மனமில்லை. ஆஸ்பத்திரியில் விஷவாயு பட்டவர்களை எப்படிக் குளிப்பாட்டுவது என்று அவர்களுக்குத் தினம் பயிற்சி. கனமான ரப்பர் உடுப்பைப் போட்டுக் கழற்றி, கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு வீட்டுக்கு வருவாள். ஒருநாள் சமையலறையில் வைத்துச் சொன்னாள்: "இனிமே மாடிக்குப் போவாத. அவாளுக்கு எல்லாம் ஒரே கட்சிதான். சண்டை வேணும்ங்கிறவாளுக்கு நாம மாவு ஆட்டிக் கொடுக்கணுமா?"

"மிஸ் சண்டை வேண்டாம்னுதாம்மா சொல்லுதாங்க."

"உன்கிட்ட அப்படித்தான் சொல்லுவாவ."

அடுத்த புதன்கிழமை மிஸ் தூக்குவாளியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கீழே வந்தார். அம்மா கதவை அரையாகத் திறந்து, வாளியை வாங்கி, "தேங்க்யூ" என்று மூடினாள். நான் ஹாலில் நின்றேன். மிஸ்ஸின் செருப்புச் சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் படியேறியது.

பிறகு ஒரு காலையில் அர்பாப் கடை ஷட்டரில் யாரோ கறுப்புப் பெயிண்டை வீசியிருந்தார்கள். எழுத்தெல்லாம் இல்லை, ஒரு பெரிய கறை. பக்கத்து அத்தர் கடைக்காரர், வெள்ளைத் தாடி, அந்த ஊர் முஸ்லிம் பெரியவர், அப்பாவுக்கு முன்னால் வந்து தின்னரும் துணியுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். அர்பாப் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருவரும் போட்டிபோட்டுத் தேய்த்தார்கள். ஆனாலும் அர்பாப் வந்ததும் மோந்து பார்த்தார். "அத்தர் வாசம் மாறிடுச்சே" என்று மட்டும் சொன்னார்.

அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. அவர் கணக்குப் போட்டது எனக்கு இப்போது புரிகிறது. அர்பாப் இந்த ஊர்க்காரர், பள்ளியில் கூடப் படித்தவர்கள்தான் சூக் முழுக்க. அவரை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். ஆனால் அமெரிக்கத் தளத்திலிருந்து வட்டத் தொப்பி போட்ட நான்கு பேர் வாராவாரம் சூக்கின் நடுவே நடந்து வந்து அந்தப் படியேறினால்? அவர்களை நிறுத்தினால் கடை தப்பிக்கும். இதுதான் அப்பாவின் கணக்கு. அர்பாப்பிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் இன்ஜினியர் மற்றவர்களுக்கு முன்னால் தனியாக வந்தார். அப்பா கடை வாசலிலேயே மறித்தார். அப்பாவின் இங்கிலீஷ் பெட்ஷீட் அளவோடு முடிந்துவிடும். என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பிள்ள, இவர்ட்ட சொல்லு. அர்பாப் இனிமே வர வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு சொல்லு."

"அர்பாப் எப்பப்பா சொன்னாரு?"

"சொல்லுன்னா சொல்லு."

சொன்னேன். பள்ளிக்கூட இங்கிலீஷில், ப்ளீஸ் எல்லாம் போட்டு. இன்ஜினியர் மாடியைப் பார்த்தார். ஏசி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏன்னு சொன்னாரா?" என்று என்னிடம் கேட்டார்.

அப்பாவுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. காரணம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "அந்தப் பிரார்த்தனையாலதான்," என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அப்பா சொன்ன பொய்யில் ஓட்டை இருப்பதுபோலத் தெரிந்தது, அடைத்தேன். பதிமூன்று வயதில் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்த ஒன்றை நினைத்து இன்றைக்கும் சில நாள் குளிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். இன்ஜினியர் தலையசைத்தார். சட்டைப்பையில் கைவிட்டு மிட்டாயை எடுத்தார். அந்த நிலையிலும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

போர் வந்தது. உங்களுக்கெல்லாம் நினைவிருப்பதுதான் எனக்கும். சைரன் சோதனை, ஆரஞ்சு நிறத்தில் புழுதி மூடிய வானம், பகலில் விளக்குப் போட்ட கார்கள். டிவியில் பச்சை நிறத்தில் பாக்தாத். அர்பாப் காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அக்கா நம்பரைப் போடுவார். சில நாள் மணி அடித்தது. பிறகு தொலைபேசி நிலையங்கள் விழுந்தன, மணி அடிப்பதும் நின்றது. அவர் போடுவதை நிறுத்தவில்லை. வாடிக்கையாளர் யாராவது பேரம் பேசிக்கொண்டிருந்தால், ரிசீவரைக் காதில் வைத்தபடியே தலையாட்டுவார்.

பாக்தாத் விழுந்த அன்று சிலையை இழுத்துத் தள்ளுவதை அத்தர் கடை டிவியில் பார்த்தோம். அர்பாப்பும் பார்த்தார். முடிந்ததும் தன் கடைக்குள் வந்து மறுபடி போன் போட்டார்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் ஐந்து பேர்தான். ஐந்து கிழவர்களுக்கு அப்பா ஏசி போட்டார். "அந்தப் பசங்களுக்கு என்மேல என்ன கோபம்?" என்று அர்பாப் இரண்டு மூன்று தடவை கேட்டார். "ட்யூட்டி அதிகம் போல, அர்பாப்," என்று அப்பா துணிக்கட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வார்.

மே மாதம், நல்ல வெயில். ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளி விடுமுறை, நான் கடையில் இருந்தேன். குவைத்திலிருந்து யாரோ ஒரு வியாபாரி பேசினார். பாக்தாத் போய்த் திரும்பியவர், அர்பாப் கேட்டுக்கொண்டபடி அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். அக்கா குண்டு விழத் தொடங்கிய மூன்றாம் நாள் தூக்கத்தில் இறந்துபோயிருந்தார். குண்டு படவில்லை, நெஞ்சுவலி என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அவர்களே புதைத்திருக்கிறார்கள். அங்கே மிச்சமிருந்த யூதர்கள் சில வயசாளிகள்தான். பத்துப் பேர் தேறவில்லை. கத்தீஷ் சொல்லப்படவில்லை.

அர்பாப் ரிசீவரை வைத்தார். விரலை மடக்கி நாளை எண்ணினார். சட்டையின் கழுத்தோரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தார். அது அவர்களுடைய துக்க வழக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பிறகு காலணியைக் கழற்றிவிட்டுக் கடைத் தரையில், ஒரு பழைய அட்டைமேல் உட்கார்ந்தார்.

"முப்பது நாளுக்குள்ள சாவுச் சேதி கேட்டா ஏழு நாள் துக்கம்," என்று அப்பாவிடம் சொன்னார். "அதுக்கு மேல ஆயிட்டா ஒரு மணி நேரம்தான். அவ்வளவுதான் சட்டம். எனக்கு அவ ஒரு மணி நேரம்." கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா ஷட்டரைப் பாதி இறக்கினார். அத்தர் கடைக்காரர் குனிந்து உள்ளே வந்தார். ஒன்றும் கேட்காமல் அர்பாப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரமும் எழுந்திருக்கவில்லை. முடிந்ததும் அர்பாப் சுவரைப் பிடித்து எழுந்தார். "இன்னிக்குச் சாயங்காலம் அவளுக்குக் கத்தீஷ் சொல்லணும். எனக்குப் பத்துப் பேர் வேணும்," என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தோம். அம்மா இரண்டு மணி ட்யூட்டிக்குக் கிளம்ப வெள்ளை உடுப்பில் இருந்தாள். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"பத்துப் பேருன்னா கூப்பிட வேண்டியதுதான?" என்றாள் அம்மா. "அந்தக் கப்பல்காரப் பையன்மாரு இருக்காவல்லா?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்தான் சொன்னேன், எல்லாவற்றையும், என் பங்கையும் சேர்த்து.

அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "சாமி கும்பிட வந்த ஆளத் தடுத்தியளா?"

"கடைக்கு எதுவும் ஆயிரக்கூடாதுன்னுதான்..."

"இன்னிக்கு அந்த மனுசனுக்குச் சாவு. சாவு வீட்டுக்கு ஆள் வரவிடாமப் பண்ணிட்டு எப்படிச் சோறு இறங்குது?" தட்டை எடுத்துக்கொண்டு போனாள். சமையலறையில் குழாய் ஓடியது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. "நான் மட்டும் என்ன, ஒழுங்கா? மாடிக்குப் போய் நான் கூப்பிடுதேன். நீங்க ஜுஃபைருக்குப் போங்க. இவளையும் கூட்டிட்டுப் போங்க. சொன்ன வாயி இவதான்."

தளத்தின் வாசலில் எங்களை நெருங்கவே விடவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் நிழல் இல்லாத இடத்தில் நின்றோம். காவலுக்கு இருந்த பஹ்ரைன்காரப் போலீஸ் ஒருவர், நான் சொன்னதைக் கேட்டு உள்ளே யாருக்கோ போன் செய்தார். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். அப்பா கர்சீப்பை என் தலையில் போட்டார். தார் செருப்பில் ஒட்டியது.

இன்ஜினியர் வேலை உடுப்பில், கிரீஸ் கையோடு வந்தார். தொப்பிக்குமேல் ஒரு ஹெல்மெட். நான் வாயைத் திறந்தேன். அப்பா கையால் தடுத்தார். அவரே பேசினார், கடைசிவரை அவரே.

"சார். ஐ லை. அர்பாப் நோ சே. ஐ சே. அர்பாப் வெரி லைக் யூ." கொஞ்சம் யோசித்தார். "ஐ ஃபியர்."

பெட்ஷீட் இங்கிலீஷ்தான். ஆனால் ஒரு சொல்கூட மிச்சம் வைக்காமல் சொல்லிவிட்டார். இன்ஜினியர் அப்பாவையே பார்த்தார்.

நான் சொன்னேன்: "அந்தப் பிரார்த்தனையால்னு சொன்னது நான். அப்பா சொல்லச் சொல்லல."

"அதைத்தான் நான் நம்பினேன்," என்றார்.

அக்கா இறந்ததைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். அக்காவின் பெயரைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை; அப்பாவுக்கும் தெரியவில்லை. வாராவாரம் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறோம். "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

திரும்பியதும் அப்பா நேராக அர்பாப்பிடம் போய்ச் சொன்னார். நான் படியில் நின்றேன். அர்பாப் நாற்காலியில், கிழிந்த சட்டையோடு. முழுவதையும் கேட்டார். "பதினாலு வருஷத்துல எனக்காக நீ சொன்ன முதல் பொய்," என்றார். "கலாஸ், முடிஞ்சுபோச்சு. அதுவும் மட்டமான பொய்." பிறகு, "மேல போய் ஏசி போடு. அந்தப் பையனுக்கு வேர்க்கும்."

சாயங்காலம் ஊர்க்காரர்கள் ஐந்து பேரும் வந்தார்கள். இன்ஜினியர் வந்தார், ஆனால் இரண்டு நண்பர்களோடுதான். மூன்றாமவர் கப்பலோடு போய்விட்டார். கடைசியாக மிஸ்ஸும் கணவரும். அவர்களுக்குப் பின்னால் அம்மா, ட்யூட்டிக்குப் போகாமல் அதே வெள்ளை உடுப்பில். மிஸ் அம்மாவின் கையைப் பிடித்திருந்தார். அம்மா படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே ஒன்பது ஆண்கள். எல்லோருக்கும் அது ஒரே நேரத்தில் தெரிந்துபோனது. யாரும் வாய்விட்டு எண்ணவில்லை.

மிஸ்ஸின் கணவர்தான் சொன்னார்: "எங்க வழக்கப்படி இங்கே பத்துப் பேர் இருக்காங்க."

"என் வழக்கப்படி ஒன்பது," என்றார் இன்ஜினியர். மிஸ் பக்கம் திரும்பி, "உங்களை அவமதிக்கலை," என்றார்.

மிஸ் எழுந்தார். "நான் கீழே போறேன். இன்னிக்கு என்னால ஒரு சண்டை வேண்டாம்."

"இரு," என்றார் அர்பாப்.

அவரும் பழைய வழக்கத்தில் வளர்ந்தவர்தான். பெண்ணைப் பத்தில் ஒன்றாக வைத்து அவர் கும்பிட்டதே இல்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிழிந்த கழுத்தோரம் மடிந்து தொங்கியது.

"அங்கே அவளுக்குப் பத்துப் பேர் இல்ல. இங்கே என் வீட்டுல பத்துப் பேர் மூச்சு விடுறீங்க, ஒன்பதுன்னு சொல்லிட்டு நான் உட்காரணுமா?" இன்ஜினியரைப் பார்த்தார். "உன் கணக்கை மாத்திக்கச் சொல்லல. போயிடாதேன்னுதான் சொல்றேன்."

"ஒன்பது பேருக்கு இந்தப் பிரார்த்தனை இல்லையே, அங்கிள்."

"தெரியும்."

"எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா..."

"உங்க அப்பாவுக்கு உன்மேல ஏற்கெனவே கோபம்தானே," என்றார் அர்பாப். யாரோ ஒருவர் சிரிப்பை அடக்கி இருமினார்.

இன்ஜினியர் ஜன்னலருகே போனார். கண்ணாடியில் இன்னும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போகவும் இல்லை, கூட்டத்தில் சேரவும் இல்லை.

பிரார்த்தனை நடந்தது. பிறகு அர்பாப் தனியாக எழுந்து ஆரம்பித்தார். எனக்குப் புரியாத மொழி, ஆனால் நடை தெரிந்தது. ஒரு வரி, பிறகு ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில் மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அந்த முதல் நிறுத்தத்தில் யாரும் சொல்லவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏசி ஓடியது. அம்மா என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

ஜன்னல் பக்கமிருந்து, திரும்பாமலே, "ஆமென்" என்று வந்தது.

பிறகு எல்லோரும் சொன்னார்கள். அடுத்த நிறுத்தத்தில் சத்தம் கூடியது. மிஸ்ஸின் குரல் தனியாகத் தெரிந்தது. எங்கள் அம்மாவின் உதடும் அசைந்ததைப் பார்த்தேன். அர்பாப் கடைசி வரியில் மூன்றடி பின்னால் நடந்து, இரண்டு பக்கமும் குனிந்து நிமிர்ந்தார். அந்த நேரத்தில்தான் அழுதார்.

அப்பா மூலையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். இன்ஜினியர் அவரைத் தாண்டும்போது நின்று, கிரீஸ் போகாத கையை நீட்டினார். அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் மிஸ் வீட்டில் புதன்கிழமைகள் திரும்ப வந்தன. இன்ஜினியரின் தம்பி ஊர் போய்ச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டோம். அவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போனார்கள், நாமும்தான் போனோம். போர் சரியா தப்பா என்பதில் அந்த இரண்டு கட்சியும் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

அன்றைக்கே ஒத்துப்போகவில்லை. எல்லோரும் எழுந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மாடிப்படி வளைவில் மிஸ்ஸின் கணவர், போருக்குக் காரணமாகச் சொன்ன அந்த ஆயுதம் கிடைத்ததா என்று கேட்டார். இன்ஜினியர் "ஆயுதம் எங்கேயாவது புதைச்சு வெச்சிருப்பான்" என்றார். "தேடிக்கிட்டே இருங்க" என்றார் இவர். குரல்கள் ஏறின. மிஸ் தன் பங்குக்கு மேலேயிருந்து ஒன்று சேர்த்தார். கடற்படைப் பையன்களில் ஒருவன் மிஸ் பக்கம் பேச, இன்ஜினியர் அவனோடும் சண்டைக்குப் போனார். எங்களைப் படியைவிட்டு எழுந்திருக்கக்கூட விடாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அர்பாப் மேல்படியில் வந்து நின்றார். அழுத முகம் இன்னும் காயவில்லை. தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அவர்களைக் கேட்டார்.

"திரும்ப ஆரம்பிச்சுட்டானுங்க," என்றார் அப்பாவிடம், நிம்மதியாக. "போய் டீ சொல்லு. எல்லாருக்கும். இன்னும் ரொம்ப நேரம் ஆகும்."